மூணே மூணு குழி

ராஜாங்கம் மேஸ்திரிக்கு மூன்று வரைக்கும் எண்ண ரொம்பப் பிடிக்கும். அதற்கு மேல் எண்ணச் சொன்னால் கோபம் வந்துவிடும்.

நோணாங்குப்பத்தை ஒட்டி ஓடும் ஆற்றில் மணல் அள்ளும் வேலையை அவர்தான் கவனித்துக்கொண்டார். டவுனில் இருந்த ஒரு காண்டிராக்டர் அவரை அந்த வேலைக்கு வைத்திருந்தார். யாராவது கரையில் வந்து நின்று, "என்னா மேஸ்திரி, ஆத்தையே தூக்கினு போயிடுவீங்க போலிருக்குதே" என்று கேட்டால் போதும், உடனே மூன்று விரலை நீட்டுவார்.

"சர்க்காரு எத்தினி குழிக்கு அனுமதி குடுத்துச்சு? மூணு. நான் எத்தினி குழி வெட்டி இருக்கறேன்? மூணே மூணு. வேணும்னா எண்ணிக்குங்க."

எண்ணினால் மூன்றுதான் இருந்தது. ஆனால் அந்த மூன்றில் ஒவ்வொன்றும் என்ன அளவு தெரியுமா? அந்த ஊர்ச் சிறுமி கலைவாணி படிக்கும் பள்ளிக்கூடத்தைக் கொடிக்கம்பத்தோடு தூக்கி ஒரு குழிக்குள் வைத்துவிடலாம். வைத்த பிறகு பக்கத்தில் கபடி விளையாடவும் இடம் இருக்கும்.

ஒரு நாள் அங்கே நாலாவதாக ஒரு குழி முளைத்தது. கலைவாணியோடு ஆறாம் வகுப்பில் படிக்கும் அருள்முருகன் அதைப் பார்த்துவிட்டான்.

"மேஸ்திரி மாமா, நாலு இருக்குது."

"எங்கடா நாலு? நாளைக்கு வந்து எண்ணு."

மறுநாள் கலைவாணியையும் கூட்டிக்கொண்டு போய் எண்ணினால் மூன்றுதான் இருந்தது. இரண்டு குழிகளுக்கு நடுவே இருந்த மணல் கரையை இயந்திரம் இரவோடு இரவாக வழித்து எடுத்துவிட்டது. இரண்டு குழியும் சேர்ந்து ஒரே குழியாகிவிட்டது.

"இப்ப சொல்லு, எத்தினி?" என்றார் மேஸ்திரி.

"மூணு மாமா" என்றான் அருள்முருகன். வேறு என்ன சொல்வான்?

மேஸ்திரிக்கு அன்று ஒரே குஷி. "கணக்குன்னா கணக்கா இருக்கணும்டா. இந்த மாமா இப்படிக் கணக்கா இருந்துதான் அரியாங்குப்பத்துல அஞ்சு குழி மனை வாங்கி மாடி வீடு கட்டி இருக்கறேன், தெரியுமா?" என்றார். அப்போது அவருடைய கைபேசி சேவல் மாதிரிக் கூவியது. புதிதாக வாங்கிய கைபேசி. அது எப்போது கூவினாலும் நாலு பேர் திரும்பிப் பார்க்கும் வரை அவர் எடுக்கமாட்டார்.

கலைவாணியின் அப்பா கலியபெருமாள் கொத்தனார். முதலில் அவர் மணல் எடுப்பதைத் தப்பென்றே சொல்லவில்லை. போன வருடம் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து, 'நோணாங்குப்பம் ஆற்றில் மூன்று குழி மட்டும் மணல் எடுக்க அரசு அனுமதி அளித்துள்ளது. அளவை மீறினால் அனுமதி ரத்து செய்யப்படும்' என்று தெருத் தெருவாக அறிவித்தபோது, "மூணு குழிதானே, எடுக்கட்டும். மணலு இல்லாம வீடு கட்ட முடியுமா?" என்றுதான் சொன்னார்.

ஊரே அப்படித்தான் சொன்னது. பிறகுதான் வினை ஆரம்பித்தது.

கீழத் தெரு அடிபம்பில் தண்ணீர் கரிக்கத் தொடங்கியது. பருப்பை அடுப்பில் வைத்தால் மதியம் வரை வேகாமல் அடம்பிடித்தது. கோவிந்தசாமியின் டீக்கடையில் டீ குடித்தவர்கள், "என்னாப்பா, சர்க்கரைக்குப் பதிலா உப்பைப் போட்டுட்டியா?" என்று கேட்டார்கள். கோவிந்தசாமி பாவம், சர்க்கரையை இரண்டு மடங்கு போட்டும் பலன் இல்லை.

"ஆத்து மணலுதான் நல்ல தண்ணியப் புடிச்சு வெச்சிருக்கும்" என்று அப்பா கலைவாணிக்கு விளக்கினார். "அதை இவ்ளோ ஆழத்துக்குச் சொரண்டிட்டா, கடல் தண்ணி ஏறி வர்றப்ப அந்தப் பள்ளத்துல வந்து உக்காந்துக்கும். அப்புறம் மெல்ல மெல்ல நம்ம கெணத்துக்கும் வந்துடும்."

கலைவாணி உடனே கொல்லைப் பக்கம் பார்த்தாள். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொல்லையில் அம்மா தனக்கொடி கீரை போட்டிருந்தார். அரைக்கீரை, முளைக்கீரை, சிறுகீரை என்று பாத்தி பாத்தியாகப் பச்சையாக நிற்கும். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் அம்மாவின் கீரைக்கென்றே வருகிறவர்கள் உண்டு. அந்தக் கீரை முழுவதும் குடித்து வளர்வது கொல்லைக் கிணற்றுத் தண்ணீரைத்தான்.

அம்மா தினமும் காலையில் ஒரு கை கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்ப்பார். முன்பெல்லாம் பார்த்துவிட்டுச் சிரிப்பார். இப்போது சிரிக்காமல் நீர் இறைக்கப் போய்விடுவார்.

அதற்குள் காண்டிராக்டர் இன்னொரு வேலை செய்தார். வரும் வருடத்துக்கும் புதிதாக மூன்று குழி வேண்டும் என்று அரசாங்கத்திடம் கேட்டார். ஊர் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்காமல் அனுமதி தரக்கூடாது என்பது விதி. அதனால் சனிக்கிழமை மதியம் டவுன் அலுவலகத்தில் கூட்டம் என்று தகவல் வந்தது.

வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது அப்பா மெல்லப் பேச்சை எடுத்தார். "கூட்டத்துல ஒண்ணும் நடக்காது, தனக்கொடி. முன்னாடி இருந்த ஆபீசரு ஜீப்புல உக்காந்தபடியே 'மூணு குழிக்கு மேல போகலையே?'ன்னு கேட்டாரு. நாமளேதான் 'இல்லைங்க'ன்னு சொன்னோம். இப்ப எப்படி மாத்திச் சொல்றது? தண்ணி முழுசா கெடறதுக்குள்ள கொல்லையில மூணு குழிய வித்துடலாம். நீயும் சேதராப்பட்டு கம்பெனிக்கு வேலைக்குப் போயிடு."

அம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். கலைவாணி பின்னால் போய்ப் பார்த்தாள். அம்மா அழுதுகொண்டிருந்தார். கலைவாணியின் தம்பி, ஐந்து வயது கலைச்செல்வனும் கதவுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துவிட்டான்.

மறுநாள் காலையில் பாயில் கலைச்செல்வனைக் காணவில்லை. எழுந்ததும் "இன்னிக்கு இட்லியா, உப்புமாவா?" என்று கேட்காமல் அவன் நகரவே மாட்டான். அதைக் கேட்காமல் போயிருக்கிறான் என்றால் ஏதோ பெரிய காரியத்தில் இறங்கியிருக்கிறான் என்று அர்த்தம். கலைவாணி கொல்லைக்கு ஓடினாள்.

அவன் வேலியோரம் உட்கார்ந்து கொட்டாங்குச்சியால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தான். முகம், முடி எல்லாம் மண். ஏற்கெனவே இரண்டு சின்னப் பள்ளங்கள் தோண்டியிருந்தான். இப்போது மூன்றாவது.

"டேய், என்னாடா பண்றே?"

"அப்பா மூணு குழி விக்கணும்னு சொன்னாரு இல்ல? நான் கொல்லை பூரா தேடிப் பாத்துட்டேங்க்கா. ஒரு குழி கூட இல்ல. அதான் நானே தோண்டறேன். அப்பா இந்த மூணையும் வித்துக்கட்டும். கீரைய விக்க வேணாம். அம்மா அழுவாங்க."

கலைவாணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவன் மூக்கில் இருந்த மண்ணைத் துடைத்தாள்.

"மக்கு, அந்தக் குழி வேற, இந்தக் குழி வேற. அப்பா சொன்னது பள்ளம் இல்லடா. அது நெலத்துக்கு அளவு. நம்ம வீடும் வாசலும் சேர்ந்தா ஒரு குழி இருக்கும். அந்த மாதிரி மூணு..."

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"அப்புறம் என்னாக்கா?"

அக்கா வாயைத் திறந்தபடி ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தம்பியின் மண் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, "அம்மா" என்று கத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். கலைச்செல்வன் கன்னத்தைத் துடைத்துவிட்டு மூன்றாவது குழியைத் தொடர்ந்தான்.

ஆனால் வீட்டில் யாரும் இல்லை. அப்பா வேலைக்குப் போய்விட்டார். அம்மா கீரைக் கூடையோடு டெம்போ பிடிக்கத் தெருமுனைக்குப் போய்விட்டார். தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு கலைவாணி அம்மாவைப் பிடிப்பதற்கும் டெம்போ கிளம்புவதற்கும் சரியாக இருந்தது. உள்ளே உட்கார இடம் இல்லை. மூச்சு விடவே இடம் இல்லை என்னும்போது பேச எங்கே இடம்?

பெரிய மார்க்கெட்டில் கூடையை இறக்கிய பிறகும் பேச முடியவில்லை. சனிக்கிழமைக் கூட்டம் அம்மாவை மொய்த்துக்கொண்டது. வாரம் தவறாமல் வரும் கவுன் போட்ட பெரியம்மா ஒருவர், நாலு கட்டு முளைக்கீரையைப் பையில் போட்டுக்கொண்டு வழக்கம்போல பிரெஞ்சில் "மெர்சி" என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் அம்மா நிமிர்ந்தார்.

"இப்ப சொல்லுடி. காலையிலேர்ந்து என்னாத்த மெல்லறே, முழுங்கறே?"

கலைவாணி சொன்னாள். அம்மாவின் கையில் இருந்த கீரைக்கட்டு அப்படியே நின்றது.

"நாமளே தெனம் சொல்ற வார்த்தைதானேடி" என்றார் அம்மா. பிறகு முகம் சுருங்கியது. "ஆனா சர்க்காரு சொல்ற குழி என்னா குழியோ. பள்ளமாவே இருந்துட்டா? அத்தினி பேரு முன்னாடி சிரிச்சுடுவாங்க."

"கேட்டுதான் பாக்கலாமேம்மா."

"யாரு கேக்கறது?"

வகுப்பில் டீச்சர் கேட்டாலே கலைவாணிக்குக் குரல் பாதிதான் வெளியே வரும். அவள் கண்முன் பச்சைப் பாத்திகள் வந்தன. வேலியோரம் கொட்டாங்குச்சியோடு உட்கார்ந்திருந்த தம்பியும் வந்தான்.

"நான் கேக்கறேன்" என்றாள்.

கூட்டம் கடற்கரைப் பக்கம் இருந்த ஒரு பழைய மஞ்சள் கட்டடத்தில் நடந்தது. உயரமான கதவுகள், உயரமான சன்னல்கள். கலைவாணிக்கு அங்கே தான் இன்னும் குட்டையாகிவிட்ட மாதிரி இருந்தது. அப்பா சட்டையில் சிமென்ட் கறையோடு நேராக வேலையிலிருந்து வந்திருந்தார். கோவிந்தசாமி, அருள்முருகன் என்று ஊரில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். முன்வரிசையில் ராஜாங்கம் மேஸ்திரி வெள்ளைச் சட்டையில் பளபளவென்று உட்கார்ந்திருந்தார்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் புதிய அதிகாரி நிர்மலாதேவி. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினாலும் சலிக்காமல் கேட்டுக்கொண்டார். பம்பு கரிப்பதைக் கேட்டார். பருப்பு வேகாததைக் கேட்டார். உப்பு டீயின் கதையைக் கோவிந்தசாமி இரண்டு தடவை சொன்னார், அதையும் கேட்டார்.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுது" என்றார் நிர்மலாதேவி. "ஆனா அனுமதியை நிறுத்தணும்னா அவங்க விதியை மீறி இருக்கணும். கொடுத்தது மூணு குழி. அவங்க அதுக்கு மேல எடுத்தாங்களா? உண்மையைச் சொல்லுங்க."

அங்கே யாருக்கும் பொய் சொல்லத் தெரியாது. அதுதான் தொல்லையாகப் போயிற்று.

"இல்லைங்க. மூணு குழிதாங்க" என்றார்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டே.

மேஸ்திரி மூன்று விரலை நீட்டிச் சிரித்தார். "நான் எப்பவும் கணக்கா இருக்கறவன் மேடம்." அவருடைய சட்டைப் பையில் சேவல் கூவியது.

அதிகாரி பேனாவை எடுத்தார். அம்மா கலைவாணியின் முதுகில் மெல்லக் கை வைத்தார். கலைவாணி எழுந்து நின்றாள். குரல் எப்படியோ முழுசாக வெளியே வந்துவிட்டது.

"மேடம், ஒரு சந்தேகம். நீங்க சொல்ற குழி பள்ளக் குழியா, நெலத்துக் குழியா?"

நிர்மலாதேவி கண்ணாடியைக் கழற்றினார். "பள்ளக் குழியா? பள்ளத்தை எண்ணி யாராவது அனுமதி கொடுப்பாங்களாம்மா? பள்ளம் எவ்வளவு பெரிசா வேணும்னாலும் வெட்டலாமே. குழின்னா நில அளவு. பக்கத்துக்கு இருபத்து நாலு அடி. உங்க ஊர்ல மனை எந்தக் கணக்குல வாங்கறீங்க?"

"குழிக் கணக்குலதாங்க" என்றது கூட்டம்.

சொல்லி முடித்ததும் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். நேற்று ராத்திரிதான் அவரே 'மூணு குழி' என்று சொல்லியிருந்தார்.

"அடக் கடவுளே" என்றார் கோவிந்தசாமி. "நானே போன மாசம் ரெண்டு குழி மனை வாங்கினேன். ஆத்துல இயந்திரமும் பள்ளமுமா இருந்ததால எனக்கு அது தோணவே இல்லையே."

மேஸ்திரி எழுந்து கைகூப்பினார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "மேடம், நான் படிக்காதவன். எனக்குக் குழின்னா பள்ளம்தான். வேற அர்த்தம் எல்லாம் தெரியாதுங்க."

கலைவாணி அவரைப் பார்த்தாள். அவளுக்கு இப்போது பயமே இல்லை.

"மேஸ்திரி மாமா, அரியாங்குப்பத்துல உங்க மாடி வீடு எத்தினி குழி மனைன்னு சொன்னீங்க?"

"அஞ்சு குழி" என்றார் மேஸ்திரி பழக்க தோஷத்தில். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அஞ்சு பள்ளத்துல எப்படி மாமா மாடி வீடு கட்டினீங்க?"

முதலில் சிரித்தது அருள்முருகன். பிறகு கூட்டம் மொத்தமும் சிரித்தது. உயரமான சன்னலில் உட்கார்ந்திருந்த புறாக்கள் பயந்து பறந்துபோயின. நிர்மலாதேவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். சிரிப்பை மறைக்கத்தான் குனிந்தார் என்று கலைவாணிக்குத் தோன்றியது.

"ஜீப்பை எடுக்கச் சொல்லுங்க" என்றார் அவர். "அளவு டேப்பையும் எடுத்துக்குங்க. நாம ஆத்துக்குப் போறோம்."

அன்று சாயங்காலம் ஊரே ஆற்றங்கரையில் நின்றது. நிர்மலாதேவி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார். டேப்பின் ஒரு முனையைக் கலைவாணியும் மறுமுனையை அருள்முருகனும் பிடித்தார்கள். அப்பா சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒட்டினாற்போல் மூன்று வெள்ளைக் கட்டங்கள். கரையில் நின்று பார்த்தவர்களுக்கு, பெரிய பந்திப் பாயின் மூலையில் மூன்று கைக்குட்டைகளை விரித்த மாதிரி இருந்தது.

"இவ்ளோதானா?" என்றார் கோவிந்தசாமி.

"இவ்வளவுதான்" என்றார் நிர்மலாதேவி. "மிச்சம் எல்லாம் திருட்டு."

அதற்குப் பிறகு நடந்ததை நோணாங்குப்பத்துப் பிள்ளைகள் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். காண்டிராக்டரின் அனுமதி அந்த இடத்திலேயே ரத்தானது. வெட்டிய பள்ளங்களைக் காண்டிராக்டரே மூட வேண்டும், அபராதமும் கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. இனி மணல் எடுப்பதென்றால் நாலு மூலையிலும் எல்லைக்கல் நட்டு, இடுப்பளவு ஆழம் மட்டும், ஆட்களை வைத்து எடுக்க வேண்டும். அந்த அளவு ஊர் முன்னிலையில்தான் குறிக்கப்படும்.

இயந்திரம் உறுமிக்கொண்டு ஆற்றை விட்டு ஏறியபோது அருள்முருகன் முன்னால் ஓடிப்போய்ப் போக்குவரத்து போலீஸ் மாதிரி கையைக் காட்டி வழி அனுப்பினான். பின்னால் பிள்ளைகள் கூட்டம் கூவிக்கொண்டே ஓடியது. மேஸ்திரியின் பையில் சேவல் கூவிக்கொண்டே இருந்தது. நாலு பேர் என்ன, நாற்பது பேர் திரும்பிப் பார்த்தும் அவர் எடுக்கவில்லை.

அப்பா கலைவாணியைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டார். ஆறாம் வகுப்புப் பிள்ளையைத் தூக்கினால் இடுப்பு என்ன ஆகும் என்று அம்மா கத்தினார். அப்பா காதில் வாங்கவில்லை. வீடு வரைக்கும் அப்படியே போனார்.

பள்ளங்கள் மூடப்பட்டன. ஐப்பசியில் நல்ல மழை. ஆற்றில் வெள்ளம் வந்து புது மணலைக் கொண்டுவந்து கொட்டியது. தை பிறந்த பிறகு ஒரு நாள் காலையில் அம்மா வழக்கம்போல ஒரு கை கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தார். இன்னொரு கை குடித்தார். பிறகு கலைவாணியைக் கூப்பிட்டுக் குடிக்கச் சொன்னார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். கீழத் தெருவில் பருப்பு வெந்தது. கோவிந்தசாமியின் டீயில் இப்போது சர்க்கரை தூக்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது.

அப்பா கொல்லையை விற்கவில்லை. ஆனால் வேலியோரம் இருந்த மூன்று குட்டிக் குழிகளை மூடவும் கலைச்செல்வன் விடவில்லை. கடைசியில் அப்பா டவுனிலிருந்து மூன்று வாழைக்கன்று வாங்கி வந்து, குழிக்கு ஒன்றாக நட்டார். கலைச்செல்வன் தினமும் நல்ல தண்ணீர் ஊற்றினான்.

அடுத்த வருடம் மூன்றும் குலை தள்ளின. வேலி வழியாகப் பார்த்த கோவிந்தசாமி, "என்னா தம்பி, குலை என்னா விலை?" என்று கேட்டார்.

கலைச்செல்வன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"குலைய வாங்கிக்க மாமா. குழிய மட்டும் விக்க மாட்டேன்."